ஏழாம் எண் ஜாடி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தியவள். நான் வகுப்புக்குள் நுழைந்தால் ஈ பறக்காது என்று பிள்ளைகள் சொல்வார்களாம். கரப்பான்பூச்சி, தவளை, மண்புழு என்று நான் அறுத்ததற்குக் கணக்கில்லை. ஒன்றுக்குக்கூட நான் வருத்தப்பட்டதில்லை. வருத்தமெல்லாம் ஒரு மனிதரைப் பற்றித்தான். அவர் பெயர் சாமிக்கண்ணு. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தார்.

உடையார்பாளையத்துக்கும் ஆண்டிமடத்துக்கும் இடையே ஒரு அரசுப் பள்ளி. பெயர் வேண்டாம். எழுபத்தெட்டில் ப்ளஸ் டூ வந்தபோது எங்கள் பள்ளியையும் மேல்நிலைப் பள்ளியாக்கினார்கள். போர்டு மட்டும் புதிதாக வந்தது. ஆய்வகம் என்று சொல்லப்பட்டது பழைய விறகு அறை. அதுவரை வகுப்புகளுக்குத் தண்ணீர் தூக்கி வைத்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு அதை ஒரே வாரத்தில் சுண்ணாம்பு அடித்து, மேசை போட்டு, அலமாரிக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தார். ‘இந்த ஆளையே லேபுக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று தலைமையாசிரியரிடம் சொன்னது நான்தான். தற்காலிக வேலை. முந்திரிக்காட்டில் கூலிக்குப் போன குடும்பம் அது. இவர் எட்டாவது வரை படித்திருந்தார். மனைவி காத்தாயி கடலைக்கொல்லையில் களை வெட்டப் போவாள். ஒரே மகள் மலர்க்கொடி எங்கள் பள்ளியிலேயே ப்ளஸ் டூவின் முதல் செட்டில் படித்தாள். நிரந்தர ஆணை ஒன்று கைக்கு வந்துவிட்டால் மகளை மேலே படிக்க வைத்துவிடலாம் என்பதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை. தலைமையாசிரியரும், “முதல் ப்ராக்டிகல் பரீட்சை ஒழுங்கா முடியட்டும், நானே எழுதி அனுப்புறேன்” என்று சொல்லியிருந்தார்.

அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரும் அவரை ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டோம். நானும்தான். இப்போது எழுதும்போதுதான் ‘அவர்’ வருகிறது.

அலமாரி இருந்தது, உள்ளே வைக்க ஒன்றுமில்லை. எனவே எழுபத்தொன்பது ஜனவரியில் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனோம். கோட்டைப் பக்கம் அலை அரித்துப் போட்ட கற்கள் குவிந்து கிடக்கும். கடல் பின்வாங்கினால் கற்களுக்கு நடுவே குழி குழியாகத் தண்ணீர் நிற்கும். அந்தக் குழி ஒன்றில்தான், பூ மாதிரி விரியும் கடல் பிராணியான கடல் சாமந்தியைப் பார்த்தோம். கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். கல்லில் ஒட்டிக்கொண்டு, பழுப்பும் பச்சையுமாக, சுருங்கிப்போன நுங்குத் துண்டு மாதிரி இருந்தது. கையை வைத்ததும் மூடிக்கொண்டதால் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. சாமிக்கண்ணு கல்லோடு சேர்த்து எடுத்தார். புளிச்சோறு தின்ற தூக்குவாளியைக் கழுவிக் கடல் தண்ணீர் பிடித்து, அதில் போட்டு, பஸ்ஸில் மடிமேலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஊர் வந்து இறங்கியதும் நான் சொன்னேன்: “போனதும் ஃபார்மலின்ல போட்டுடு. அழுகிடும்.”

“சரிங்க டீச்சர்” என்றார்.

மறுநாள் அலமாரியில் ஜாடி இருந்தது. லேபிள் ஒட்டியிருந்தது. உள்ளே கல், கல்மேல் அந்த நுங்குத் துண்டு. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அறை முழுக்க ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். இந்த ஒரு ஜாடியில் மட்டும் நெடி இல்லை என்று எந்த மூக்குக்குத் தெரியும்?

பத்து மாதம் அந்த ஜாடியை வைத்துப் பாடம் நடத்தினேன். அதை எடுக்க மட்டும் யாரையும் விடமாட்டார். “கீழ போட்டுட்டா வேற கெடைக்காதுங்க, நானே காட்டறேன்” என்பார். எடுப்பதற்கு முன் விரலால் ஜாடியை இரண்டு தட்டு தட்டுவார். என்ன வழக்கமோ என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளும் அந்த மூடின உருண்டையைப் பார்த்து வரைந்துகொண்டார்கள். புத்தகத்தில் படம் இருந்தது. ஆனால் அச்சு மை அப்பி அது பூதம் மாதிரி இருக்கும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. விடைத்தாள் கட்டை விட்டுவிட்டு வந்தேன் என்று பள்ளிக்கூடம் போனால் ஆய்வகம் திறந்திருக்கிறது. ஜன்னலோரம் அந்த ஜாடி. சாமிக்கண்ணு ஈர்க்குச்சி நுனியில் ஊறவைத்த சென்னாக்குன்னிக் கருவாட்டுத் துணுக்கைக் குத்தித் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே அது விரிந்திருந்தது! மெல்லிய விரல்கள் சுற்றிலும் அடுக்கடுக்காக, நுனியில் லேசான ரோஜா நிறம். ஒரு விரல் குச்சியைத் தொட்டது, பிறகு நாலு விரல் வளைந்தன, துணுக்கு உள்ளே போய்விட்டது. உயிருள்ள கடல் சாமந்தி விரிந்து நான் அதுவரை பார்த்ததில்லை. படித்தது, பாஸானது, பாடம் நடத்தியது எல்லாம் செத்ததை வைத்துத்தான். அந்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாயில் வந்தது என்னவோ வசவுதான்.

“பத்து மாசமா என்னை முட்டாளாக்கியிருக்கியே! செத்தது செத்ததுன்னு நான் புள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டு நிக்கறேன், நீ பக்கத்துல நின்னு சிரிச்சியா?”

“அய்யோ, இல்லீங்க டீச்சர்.” ஈர்க்குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “ஊத்தத்தாங்க போனேன். மருந்துப் புட்டிய எடுத்துட்டு வந்து பாத்தா, இந்த மாதிரி கைய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு மனசு வரல.”

“கடல் ஜந்துய்யா அது. இந்தக் காட்டுல எப்படி இருக்கும்?”

“நீங்கதான சொன்னீங்க, இந்த ஊரெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சுன்னு. சுண்ணாம்புக்கல்லு வெட்டுற எடத்துல சிப்பி சிப்பியா கெடக்குதுல்ல. அப்ப அது ஊருக்குத்தான வந்துருக்கு டீச்சர்.”

என் பாடத்தையே எடுத்து என்மேல் வீசினால் நான் என்ன செய்ய? பரீட்சைக்குள் ஃபார்மலினில் போட்டாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர, திங்கட்கிழமை முதல் வேலையாகப் போய் ஜாடியைப் பார்த்தேன். செவ்வாயும் பார்த்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

கடல் தண்ணீருக்கு அவர் வைத்திருந்த வழி இருக்கிறதே! எங்கள் பக்கத்து ஜனங்கள் அமாவாசைக்கு அமாவாசை, முக்கியமாக ஆடிக்கும் தைக்கும், செத்துப்போனவர்களுக்குச் செய்யப் பூம்புகார் போவார்கள். போகிறவர்களிடமெல்லாம் ஒரு காலி சீசாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார். எதற்கென்று அவர்களும் கேட்கவில்லை. அவர் அம்மா செத்து அதிக நாளாகவில்லை, அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் திதி கொடுத்த கடலின் தண்ணீரை யார் வீட்டுக்குள் கொண்டுபோவது? அதனால் பஸ் விட்டு இறங்கியதும் நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, வேப்பமரத்தடியில் சீசாவை வைத்துவிட்டு, அதன்பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள். ஆடி அமாவாசை மறுநாள் பதினெட்டு சீசா நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ‘சாராயக் கடையா நடத்துறான்?’ என்று தலைமையாசிரியர் கேட்டார்.

எண்பது பிப்ரவரியில் அது மூடிக்கொண்டது. ஒருநாள், இரண்டுநாள் இல்லை, பத்து நாள். விரிக்கவே இல்லை. கொட்டைப்பாக்கு சுருங்கிப் பட்டாணி ஆயிற்று. ஜாடியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்தது. சாமிக்கண்ணு சோறு தின்னாமல் ஜாடி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் உடனே சீசாவைத் திறந்து கடல் தண்ணீர் ஊற்றினார். பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

எனக்கும் வருத்தம்தான். வருத்தம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “இங்க பாரு,” என்றேன். “இது செத்துக்கிட்டு இருக்கு. அழுகிப் போச்சுன்னா பரீட்சைக்கு ஸ்பெசிமன் இல்ல. ஏன் இல்லன்னு ஹெச்.எம். உன்னைத்தான் கேப்பார். உன் ஆர்டர் போயிடும். உருவம் இருக்கும்போதே ஃபார்மலின்ல போட்டுடு.” அளவு ஜாடியில் ஃபார்மலினை ஊற்றி மேசைமேல் டக்கென்று வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் காத்தாயி அவருக்குச் சோறு கொண்டுவந்தாள். தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. கொல்லையிலிருந்து நேரே வந்திருந்தாள். புருஷன் சீசாவைச் சரிப்பதைப் பார்த்தாள்.

“என்னா ஊத்துறீங்க?”

“கடல் தண்ணிதான். கொறைஞ்சு போச்சுல்ல.”

“கொறைஞ்சது தண்ணி. உப்பு எங்க போச்சு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“குழம்பு சுண்டிப் போச்சுன்னா நான் என்ன உப்புத் தண்ணியவா ஊத்தறேன்? பச்சத் தண்ணிதான ஊத்தறேன்? நீங்க மாசக்கணக்கா உப்பு மேல உப்பா சேத்திருக்கீங்க. அது வாயத் தொறக்குமா? கூறுகெட்ட மனுசன்!” என்று சொல்லிவிட்டு, நான் இருப்பதைக் கவனித்து, “உங்களைச் சொல்லலீங்க டீச்சர்” என்றாள்.

என்னைச் சொன்னால்தான் என்ன? பட்டம் வாங்கியவள் நான். தினமும் அந்த வெள்ளைப் படிவைப் பார்த்தவள் நான். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். தொண்டை வரைக்கும் கரித்தது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதே என்று வேதியியல் பக்கத்திலிருந்து, சுண்ணாம்போ உப்போ இல்லாத வாலைவடிநீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரேயடியாக ஊற்றாமல், மணிக்கொரு கரண்டி. நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது சாமிக்கண்ணு வாசலிலேயே நின்றுகொண்டு, “டீச்சர், டீச்சர்” என்றார். ஜாடிப் பக்கம் கையைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். ஆறேழு விரல் வெளியே வந்திருந்தது. நான் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன்.

மேசையில் இருந்த ஃபார்மலினை நானே எடுத்துப் புட்டியில் திரும்ப ஊற்றினேன். “பரீட்சை அன்னைக்குக் காலையில தட்டி மூடி வச்சிடு. மூடியிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?” என்று சொன்னதும் நான்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை நாள். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சிரிக்கத் தெரியாத முகம். மேசைமேல் பத்துப் பொருள்களை வரிசையாக வைத்து எண் போடுவது வழக்கம். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பார்த்து இன்னதென்று எழுத வேண்டும். ஜாடியை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஜாடிகளுக்கு மாற்றச் சொன்னார். நம்முடையது ஏழாம் எண். சாமிக்கண்ணு தட்டி மூடி வைத்தார். முதல் அணி எட்டுப் பேர் எழுதிவிட்டுப் போனார்கள். இரண்டாம் அணியும் போயிற்று.

மூன்றாம் அணி உள்ளே வந்தபோது அறை அமைதியாக இருந்தது. ஜன்னல் வெயில் நகர்ந்து ஏழாம் எண் மேல் விழுந்தது. அது மெதுவாக விரிந்துகொண்டது, எல்லா விரலும், முழுசாக! நான் பார்த்துவிட்டேன். அய்யோ, எவ்வளவு அழகு, எப்பேர்ப்பட்ட நேரம்! ஏழாம் எண் முன்னால் வந்து நின்ற பிள்ளை விழித்தது. அடுத்ததும் விழித்தது. ஒரு வருடத்துக்கு மேல் மூடின உருண்டையைக் காட்டியே படிக்க வைத்திருக்கிறோம். விரிந்ததை எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஒருத்தி பென்சிலைக் கடித்துக்கொண்டு அழத் தயாராகிவிட்டாள். ஆறாம் எண் முன்னால் மலர்க்கொடி நின்றுகொண்டிருந்தாள். அடுத்து அவள்தான்.

சுவரோரம் நின்ற சாமிக்கண்ணு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து மேசையைத் துடைப்பதுபோல் வந்து, ஏழாம் எண் ஜாடியை இரண்டு தட்டு தட்டினார். அது மூடிக்கொண்டது.

“யோவ்! என்ன தட்டற?” தேர்வாளர் எழுந்துவிட்டார்.

“விரிஞ்சிடுச்சுங்க... மூடுனாத்தான் புள்ளைங்களுக்குத் தெரியும்.”

“ஸ்பெசிமன் விரியுமா?” கிட்ட வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் மாறியது. “உயிரோட வச்சிருக்கியா? உன் புள்ள யாராவது இந்த பேட்ச்ல இருக்கா?”

சாமிக்கண்ணு பொய் சொல்லியிருக்கலாம். “அது எம் மவங்க” என்று கையைக் காட்டினார்.

“அதானே பாத்தேன். பொண்ணுக்குச் சைகை காட்டறியா?”

எட்டுப் பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். மலர்க்கொடி தாளைப் பார்த்தபடி நின்றாள். காது சிவந்துவிட்டது. தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். “மேடம், இது உயிரோட இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?”

ஊரையே அதட்டுகிற வாய் எனக்கு. “தெரியும் சார், நான்தான் வைக்கச் சொன்னேன், பிள்ளைகளுக்கு விரிந்ததைக் காட்டாதது என் தப்பு” என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

“தெரியாது சார்” என்றேன்.

சாமிக்கண்ணு என்னைப் பார்த்தார். பிறகு தேர்வாளரிடம், “ஆமாங்க, டீச்சருக்குத் தெரியாதுங்க. நான்தான் ஏமாத்திட்டேன்” என்றார்.

அவரை வெளியே அனுப்பினார்கள். ஏழாம் எண்ணை எல்லோருக்கும் ரத்து செய்து, தேர்வாளர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் தலைமையாசிரியர் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆணைக்கான கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்ததாம். அதைக் கிழித்துப் போட்டதைக் குமாஸ்தா சொன்னார்.

சாமிக்கண்ணு அலமாரிச் சாவியை என்னிடம் கொடுக்க வந்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

“ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு துணுக்கு போதுங்க டீச்சர். தின்னலன்னா எடுத்துடுங்க, தண்ணி கெட்டுடும். நான் முந்திரிக்காட்டுக்குப் போயிடுவேன், அங்க வச்சுப் பாக்க முடியாது. நீங்க பாத்துக்குவீங்க.”

காட்டிக்கொடுத்தவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்து நாள் ஊட்டினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் மலர்க்கொடி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தாள். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிற பெண். நோட்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டாள். “வரேன் டீச்சர்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் படி இறங்கின பிறகு நான் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “முடிஞ்சு போனதைக் கிளறாதீங்கம்மா. அவன் டெம்பரவரி. உங்களுக்குச் சர்வீஸ் இருக்கு” என்றார்.

“சாமிக்கண்ணுக்கு அது இல்லைங்கறதுதான் சார் விஷயம்” என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைத் திருச்சிக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் நானே அனுப்பினேன். விசாரணை வந்தது. மூன்று முறை அதையே சொன்னேன். ஜூலையில் எனக்கு மாற்றல் வந்தது: பெரம்பலூர் தாண்டி, ரஞ்சன்குடி பக்கம். அதே வாரம் சாமிக்கண்ணுவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர ஆணை அடுத்த ஆவணியில் வந்ததாகக் கேள்விப்பட்டேன். மலர்க்கொடியும் பாஸாகிவிட்டாள்.

நான் கிளம்பின அன்று அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். என் பெட்டியை பஸ் மேலே ஏற்றிக் கட்டினார். அது நன்றாக இருக்கிறது என்றும், பக்கத்தில் குட்டியாக இன்னொன்று முளைத்திருக்கிறது என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். அவர் நன்றி சொல்வார் என்றுகூடக் காத்திருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

டிரைவர் வண்டியை எடுத்தார். சாமிக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டடி கூடவே நடந்தார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம் டீச்சர்,” என்றார். “எம் மவ அத்தனை பேர் முன்னால தலையக் குனிஞ்சு நின்னுருக்க மாட்டா.”

வண்டி வேகம் எடுத்ததும் கையை விட்டுவிட்டார்.